பச்சை வீட்டுக்கு யார் சாட்சி?

சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன பங்குனியில் ஊருக்கு வந்திருந்தான். காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகிற பக்கம் 12 சென்ட் மனை வாங்கிப் போட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. அதில் இப்போது 2,200 சதுர அடிக்கு வீடு கட்டப் போகிறான். 'கிரீன்' வீடாக, அதாவது மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகிற வீடாக இருக்க வேண்டும். அப்படித்தான் கட்டியிருக்கிறது என்று யாராவது பொறுப்பானவர்கள் எழுதியும் கொடுக்க வேண்டும். "அங்கெல்லாம் ஒரு கட்டடம்னா கிரீன் மார்க் இருக்கா, எந்தத் தரம்னு கேப்பாகண்ணே. இங்க யாருகிட்டப் போயிக் கேக்கறது?" என்றான்.

சிங்கப்பூரில் கட்டட ஆணையம் 2005-லேயே கிரீன் மார்க் என்ற பசுமைத் தரச் சான்றைக் கொண்டுவந்துவிட்டது. அங்கே ஒரே கதவு, தட்டினால் போதும். இங்கே சான்று தர மூன்று கதவுகள் இருக்கின்றன, எதைத் தட்டுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. நான் இன்ஜினியர் இல்லை. வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்து, பாதிக் கட்டடங்களாகப் பார்த்துக் கண் பழகியவன். அவனுக்காக இரண்டு மாதம் படித்ததையும் விசாரித்ததையும் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டிலோ சென்னையிலோ இருந்துகொண்டு ஊரில் வீடு எழுப்புகிறவர்கள் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

முதலில் என் வீட்டுக் குழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிச் சந்தேகப் பேர்வழியாகப் பேசுகிறேன் என்று தோன்றும். ஓய்வுபெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால் காரைக்குடியில் வீடு கட்டினேன். பிளானில் மழைநீர் சேகரிப்பு இருந்தது, எஸ்டிமேட்டில் அதற்குத் தொகை இருந்தது, மொட்டை மாடியிலிருந்து இறங்கிய நாலு இஞ்ச் குழாய் தரைக்குள் போவதும் கண்ணுக்குத் தெரிந்தது. மேலே சிமெண்ட் மூடி, மூடிக்கு வளையம். புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள்கூடப் பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். முதல் ஐப்பசியில் ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தது. குழிக்குள் போக வேண்டிய தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து போர்டிகோவில் ஏறியது. ஆள் வைத்துத் தோண்டினோம். உறை ஒன்றே ஒன்றுதான் இறக்கியிருந்தார்கள். அதற்குள் சல்லியும் இல்லை, மணலும் இல்லை. பூச்சு வேலையில் மிஞ்சிய கலவைக் கட்டி, உடைந்த டைல்ஸ், இரண்டு காலி சிமெண்ட் சாக்கு. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆளுக பண்ணிட்டாய்ங்க சார், எனக்கே தெரியாது" என்றார். அவரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அடுத்தவன் வீட்டுக் கடனுக்குக் கட்டடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன், என் வீட்டுக் குழியை மூடுவதற்கு முன் எட்டிப் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் கட்டாயம் என்பது வேறு, வந்து பார்ப்பது வேறு. 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை கட்டுகிறவர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான், அலைச்சல் மிச்சம். சின்னக் குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றும் கட்டாயமில்லை. வங்கியின் பேனல் இன்ஜினியர் வருவார். லிண்டல் மட்டம் வந்துவிட்டதா, கூரை போட்டாச்சா, எத்தனை சதவீதம் பணம் விடலாம் என்பதுதான் அவர் வேலை. சுவருக்குள் எந்தக் கல் என்று அவர் தட்டிப் பார்க்க மாட்டார். நான் அனுப்பிய ஆள்களைத் தெரியும், அதனால் சொல்கிறேன். ஆக, பசுமைக் கண்ணோடு யாராவது வந்து பார்க்க வேண்டுமானால் நாம்தான் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டும்.

கூப்பிடுவதற்கு முன் எதைப் பார்க்கச் சொல்வது என்று தெரிய வேண்டும். இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. மத்திய மின்துறையின் கீழ் இயங்கும் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'. இது சான்றிதழ் இல்லை, விதித்தொகுப்பு. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை மனத்தில் வைத்து எழுதியது. தம்பியின் 12 சென்ட் 486 சதுர மீட்டர்தான் வருகிறது, மயிரிழையில் வெளியே. இருந்தாலும் என்ன, அளவுகோலைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

அதில் மூன்று எண்கள் போதும். ஒன்று கூரை. கூரை வழியே எவ்வளவு சூடு இறங்குகிறது என்பதை யு மதிப்பு என்கிறார்கள், அது 1.2-ஐத் தாண்டக் கூடாது. வெறும் ஆறங்குல கான்கிரீட் கூரைக்கு இது 3-க்கு மேல். வழக்கம்போல் செங்கல், சுண்ணாம்பு சேர்ந்த சுர்க்கிக் கலவை போட்டுத் தட்டோடு பதித்தாலும் 2-க்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம். ஓரங்குலத் தடிப்பில் வெப்பம் தடுக்கும் பலகை ஒன்றைத் தட்டோட்டுக்கு அடியில் வைத்தால் 1-க்கு அருகே வந்துவிடும். பெரிய செலவில்லை. ஆனால் தட்டோடு பதித்த பிறகு அடியில் பலகை இருக்கிறதா இல்லையா என்று கடவுளுக்குத்தான் தெரியும். சித்திரை மாதம் இரவு பத்து மணிக்குப் படுக்கை அறைக் கூரையில், ஸ்டூல் போட்டு ஏறி உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

இரண்டாவது சுவர். ஜன்னலும் சுவரும் சேர்ந்து உள்ளே விடும் சூட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்: சதுர மீட்டருக்கு 15 வாட். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி வைத்தால் இது தாண்டும். சன்ஷேடு நன்றாக நீட்டினால் அடங்கும். இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை, கணக்கு இன்ஜினியர் பாடு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: திறக்கும் ஜன்னல். நம்முடைய வெப்ப ஈரப்பத மண்டலத்தில் கார்ப்பெட் ஏரியாவில் (சுவர் நீங்கலான உள்பரப்பில்) 16.66 சதவீதம் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். 1,800 சதுர அடி உள்பரப்பு என்றால் வெண்டிலேட்டரும் பால்கனிக் கதவும் சேர்த்து 300 சதுர அடி. இதில் ஒரு சூட்சுமம். இரட்டைக் கதவாக வெளியே திறக்கும் ஜன்னலில் 90 சதவீதம் கணக்கில் சேரும். இப்போது எல்லா வீட்டிலும் வைக்கிற யுபிவிசி தள்ளு ஜன்னலில் பாதிதான் சேரும், ஏனென்றால் ஒரு பாதி எப்போதும் இன்னொரு பாதியின் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். ஐயா காலத்து வீட்டு ஜன்னலைப் பாருங்கள்: மேல் கதவு இரண்டு, கீழ்க் கதவு இரண்டு, நடுவே கம்பி. கீழ்க் கதவைச் சாத்திவிட்டு மேலே மட்டும் திறந்தால் தெருவில் போகிறவன் கண்ணில் படாமல் காற்று வரும். அதைக் கழற்றி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் போட்டுவிட்டுத் தள்ளு ஜன்னல் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

குளிர்நாடுகளில் பசுமை வீட்டைச் சோதிக்க வாசற்கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, எங்கெங்கே காற்று கசிகிறது என்று அளப்பார்கள். ஜெர்மனியில் பிறந்த பாசிவ் ஹவுஸ் தரத்தில், அந்தச் சோதனை அழுத்தத்தில் வீட்டுக் காற்று மணிக்கு 0.6 தடவைக்கு மேல் மாறிவிடக் கூடாது. நம் வளவு வீட்டில் அந்த விசிறியை வைத்தால் விசிறிதான் பாவம். முற்றத்தில் வானம் தெரியும். வீட்டில் ஓட்டை எங்கே என்று தேடுவது அவர்கள் சோதனை, ஓட்டை போதுமா என்று பார்ப்பது நம் சோதனை. வெளிநாட்டுச் சான்றிதழ் எதையாவது அப்படியே கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் எளிது. சிவகங்கைச் சீமையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மாடியில் அது 80,000 லிட்டருக்கு மேல். ஐயா வீட்டில் நாலு பக்கத் தாழ்வாரத்து ஓடுகளும் முற்றத்தைப் பார்த்துச் சாயும். மூலைக்கு மூலை கிடாரம் வைத்துப் பிடித்தது போக மீதி கல் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும். ஊரே ஒரு சேகரிப்புத் தொட்டி. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது மாளிகையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள், வாய்க்காலைப் பற்றி யாரும் பேசவில்லை.

இனி மூன்று கதவுகள்.

முதலாவது க்ருஹா. டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனமும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கியது; 2007-இல் தேசியத் தர அமைப்பாக ஏற்கப்பட்டது. அதன் சின்ன வடிவம் ஸ்வக்ருஹா, 2,500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடங்களுக்கு. 14 அளவீடுகள், மொத்தம் 50 புள்ளி. 25 எடுத்தால் ஒரு நட்சத்திரம், 45 எடுத்தால் ஐந்து. எடுத்த எடுப்பில் எனக்குப் பிடித்தது இதன் அளவுதான். தனி வீட்டுக்காரனும் அவனுடைய ஆர்க்கிடெக்டும் உட்கார்ந்து தாங்களாகவே நிரப்பிப் பார்க்கும்படி கணக்குத் தாள்கள் இருக்கின்றன. மனையில் எவ்வளவு இடத்தைச் சிமெண்டால் மூடுகிறோம், வெயில் படாத ஜன்னல், கூரை, மின்சாதனம், சூரிய மின்சாரம், தண்ணீர்த் தேவை, மழைநீர், குப்பை, கட்டுமானப் பொருளில் பொதிந்த எரிசக்தி (அதைச் செய்து கொண்டுவரச் செலவானது) என்று வரிசையாகக் கேட்கிறது. குறிப்பிட்ட பிரிவில் மட்டும் அள்ளிவிட்டு மற்றதில் கைவிரிக்க முடியாது. ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்சம் எடுத்தாக வேண்டும். சோலாரை மட்டும் மாடியில் நிறுத்திவிட்டுப் பச்சை என்று சொல்கிற வித்தை இங்கே பலிக்காது. கட்டி முடிந்ததும் வந்து பார்ப்பதும் உண்டு.

குறை என்றால், ஊரில் இதைச் செய்து பழகிய ஆர்க்கிடெக்ட் கிடைப்பது கஷ்டம். மதுரையிலோ திருச்சியிலோ தேட வேண்டும். அடுத்தது, பெயர். வெளியாட்களிடம் 'ஸ்வக்ருஹா நாலு நட்சத்திரம்' என்று சொன்னால் ஏதோ லாட்ஜ் என்று நினைக்கிறார்கள்.

இரண்டாவது ஐ.ஜி.பி.சி., இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சில். இந்தியத் தொழிற் கூட்டமைப்பு 2001-இல் தொடங்கியது, தலைமையிடம் ஹைதராபாத். அவர்களுடைய சொந்தக் கட்டடம் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக, லீட் என்ற அமெரிக்கப் பசுமைத் தரச் சான்றில் பிளாட்டினம் வாங்கியது. 2004-இல் நம் ராமேசுவரத்துக்காரர், அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். இவர்களின் 'கிரீன் ஹோம்ஸ்' தரத்தில் தனி வீட்டுக்கும் இடமுண்டு. சர்ட்டிஃபைடு, சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நாலு படி. பெயருக்கு மதிப்பு இதற்குத்தான் அதிகம். சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடி விளம்பரத்தில் 'ஐ.ஜி.பி.சி. கோல்டு' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த விளம்பரத்திலேயே இதன் குணமும் தெரிந்துவிடுகிறது. இருநூறு வீட்டுக்கு ஒரு கன்சல்டண்டை வைத்துக் கோப்பு தயாரிக்கிற பில்டருக்குச் சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஒரு வீட்டுக்காரனுக்கு அதே சட்டை தொளதொள. வரைபடம், கணக்கு, பொருள் வாங்கிய ரசீது, தயாரிப்பாளர் கடிதம், புகைப்படம் என்று எல்லாம் ஆவணமாகப் போக வேண்டும். மதிப்பீட்டின் பெரும்பகுதி அந்த ஆவணத்தின் மேல்தான் நடக்கிறது. கட்டணத்தைவிடக் கோப்பு தயாரிக்கும் ஆளுக்குத் தரும் கூலிதான் கடிக்கும். குறை சொல்லவில்லை, அந்த ஆவண ஒழுங்கு நல்லதுதான். ஆனால் ஆவணம் உருவாகாத ஊரில் நாம் இருக்கிறோம்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தம்பி தரைக்கு அத்தங்குடிக் கல் போட ஆசைப்படுகிறான். அந்தக் கல் சூளைக்கே போவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் பித்தளை அச்சை வைத்து, அறைக்கு அறை வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் தூவி அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுப் பிறகு உலர்த்துகிறார்கள். கண்ணாடியைப் பிரித்தால் பளபளப்பு தானாக வந்திருக்கும். எரிவாயுச் சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து, லாரி ஏறி வரும் விட்ரிஃபைடு டைல்ஸோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மென்மையான பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் நெருப்பு இல்லை, தூரம் இல்லை. சரி, அதற்குத் தாள் என்ன இருக்கிறது? பட்டறைக்காரர் தருகிற பில், அதில் எண்ணிக்கையும் தொகையும். டைல்ஸ் கம்பெனியிடமோ சுற்றுச்சூழல் முத்திரை, மறுசுழற்சிச் சதவீதக் கடிதம், சோதனைக்கூட அறிக்கை எல்லாம் அச்சடித்துத் தயாராக இருக்கும். பழைய வீடு பிரித்த பர்மா தேக்கு நிலை வாங்கினால் துண்டுச் சீட்டில் 'நிலை 1' என்று எழுதித் தருவார்கள். நூறு வருஷ மரத்துக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ்.

உள்ளூர்ப் பொருளுக்கும் மறுபயன்பாட்டுக்கும் இந்தத் தர அமைப்புகள் புள்ளி தருகின்றன. புள்ளி இருக்கிறது, நிரூபிக்கத்தான் சிரமம். எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் நாளிலிருந்தே கடைக்காரரிடம் எடை, அளவு, எங்கிருந்து வந்தது, எந்த ஊர் வீடு பிரித்தது என்று எழுதி வாங்கி, பொருளோடு நிறுத்திப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு போய்க் கேட்டால் "அதெல்லாம் எப்பவோ வித்ததாச்சே ஐயா" என்பார்கள்.

மூன்றாவது எட்ஜ். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி. உருவாக்கியது. நட்சத்திரம், புள்ளி எதுவும் இல்லை. அந்தப் பகுதியில் சாதாரணமாகக் கட்டும் வீட்டோடு ஒப்பிட்டு மின்சாரத்தில் 20 சதவீதம், தண்ணீரில் 20 சதவீதம், கட்டுமானப் பொருளில் பொதிந்ததில் 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும். மூன்றிலும் காட்டினால் பாஸ், ஒன்றில் 19 வந்தாலும் ஃபெயில். மின்சாரத்தில் 40-ஐத் தொட்டால் மேல்படி. இணையத்தில் உள்ள மென்பொருளை இலவசமாகவே திறந்து நம் வீட்டின் அளவுகளைப் போட்டுப் பார்க்கலாம். தம்பியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடியோ அழைப்பில் உட்கார்ந்து விளையாடினோம். ஏஏசி பிளாக் (காற்றறை உள்ள லேசான சிமெண்ட் கல்) போட்டால் என்ன ஆகும், ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல் போட்டால் என்ன ஆகும், ஜன்னலைச் சுருக்கினால் என்ன ஆகும் என்று உடனுக்குடன் எண் மாறும். சான்றிதழ் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கட்டப் போகிற எவரும் இதைச் செய்து பார்க்கலாம். வரைபடம் போடுமுன் இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற கருவி வேறு எனக்குத் தெரியவில்லை.

ஒரு வேடிக்கை. நாங்கள் ஏசி இல்லை என்று போட்டோம். உடனே மென்பொருள், அந்த வீட்டில் சுகமாக இருக்க எவ்வளவு குளிர்ச்சி தேவைப்பட்டிருக்கும் என்று தானே கணக்குப் போட்டு, இல்லாத ஏசிக்கு ஒரு கற்பனை மின்சாரத்தை எழுதிக்கொண்டது. "பயன்படுத்தாத கரண்டுக்கு பில்லாண்ணே?" என்றான் தம்பி. முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்தால் நியாயம். இன்றைக்கு ஏசி இல்லாத வீடு சூடாக இருந்தால் நாளைக்கு மகன் ஏசி வாங்கிவிடுவான். கூரையும் ஜன்னலும் சரியாக இருந்தால் அந்தக் கற்பனைத் தொகையும் குறைகிறது. எட்ஜில் அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளர் இடத்துக்கே வந்து பார்த்துத்தான் இறுதிச் சான்று. ஒரு வீட்டுக்காக அவர் காரைக்குடி வரை வந்துபோகும் செலவு நம் தலையில். குப்பை, மரம், மண், வாழ்க்கைமுறை இவை எதுவும் அதன் கண்ணில் படாது. மூன்று எண்ணோடு நின்றுவிடும்.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பெயரும் இல்லை, சுவரில் மாட்டப் பலகையும் கிடையாது. சான்றிதழே வேண்டாம் என்று விட்டுவிட்டு, சரிபார்ப்பை மட்டும் காசு கொடுத்து வாங்குவது. காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியர். பணம் நேராக நம் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு. மொத்தம் ஐந்து தடவை வர வேண்டும். எப்போது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் கட்டடத்தில் ஒவ்வொரு பொய்யும் அடுத்த வேலையால் மூடப்படுகிறது. சுவர் எழும்பிப் பூச்சுக்கு முன்னால் வந்தால் கல் எது என்று தெரியும். பூசிய பிறகு சூளையில் சுட்ட சேம்பர் செங்கலும் ஃப்ளை ஆஷ் கல்லும் ஒரே வெள்ளை. கூரையில் பலகை வைத்துத் தட்டோடு பதிக்குமுன் வர வேண்டும். குழாய்களை மூடுமுன் வர வேண்டும்; குளியல் தண்ணீர் தனிக்குழாயில் தோட்டத்துக்குப் போகிறதா, கக்கூஸ் குழாயோடு சேர்ந்துவிட்டதா என்று அன்றைக்குத்தான் பார்க்க முடியும். மழைநீர்க் குழி மூடுமுன் கட்டாயம். கடைசியாக, குடிபோகுமுன்.

அந்தக் கடைசி நாள் சோதனைக்குக் கருவி பெரிதாக வேண்டாம். பத்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் இருந்தால் குழாயில் நிமிடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று அளந்துவிடலாம். காற்று கலக்கும் முனை வைத்திருக்கிறேன் என்று சொன்னது உண்மையா என்று தெரிந்துபோகும். ஜன்னல்களைத் திறந்து டேப் பிடித்து அளந்தால் அந்த 300 சதுர அடி இருக்கிறதா இல்லையா. மின்விசிறியில் பி.எல்.டி.சி. என்று எழுதியிருந்தால் 30 வாட்டை ஒட்டி ஓட வேண்டும், பழைய ரகம் 75 ஓடும்; மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் போதும். சோலார் பேனல் 3 கிலோவாட் என்றால் வெயில் நாளில் 12 யூனிட்டை ஒட்டி வர வேண்டும். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருப்பதால் அந்த வேலையை மட்டும் யாராவது அதிகாரப்பூர்வமாக வந்து பார்த்துவிடுகிறார்கள் என்பது ஆறுதல்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அந்த இன்ஜினியர் நல்லவராக இருக்க வேண்டும். ஊர் சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் அயித்தான், மாப்பிள்ளை. காண்ட்ராக்டரோடு ஒரே கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருகிறவர் எவ்வளவு தூரம் கறாராக எழுதுவார்? அதனால் வெளியூர் ஆள் நல்லது. வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பக் கூடாது, பக்கத்து சைட் படத்தை அனுப்பினாலும் சிங்கப்பூரில் இருப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்கச் சொல்லலாம். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இப்போது எதை எடுப்பது? தம்பியிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "யாரு நம்பணும்?" வங்கி நம்பி வட்டியில் கொஞ்சம் குறைக்க வேண்டுமா, பின்னாளில் வாங்குகிறவன் நம்ப வேண்டுமா, வந்து தங்குகிற விருந்தாளி நம்ப வேண்டுமா, அல்லது நீ மட்டும் நம்பினால் போதுமா? சில வங்கிகள் பசுமைச் சான்று உள்ள வீட்டுக்கு வட்டிச் சலுகை தருகின்றன. எந்தச் சான்று செல்லும் என்று கடன் வாங்குமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கேட்டால் கிளை மேலாளர் மாறியிருப்பார். நான் அந்த நாற்காலியில் இருந்தவன்.

அடுக்குமாடி கட்டி விற்கிறவராக இருந்தால் ஐ.ஜி.பி.சி. என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெயர் விற்கும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவருக்கு எட்ஜ். நிற்கிற சுவரையும் தூணையும் திரும்பப் பயன்படுத்துவது, கட்டுமானப் பொருள் கணக்கில் அவர்களுக்குப் பெரிய மிச்சமாக வரும். வெளிநாட்டு விருந்தாளியிடம் விளக்குவதற்கும் மூன்று எண் எளிது. பங்காளிகள் பன்னிரண்டு புள்ளி (குடும்பம்) சேர்ந்த பொதுவீடு என்றால் சான்றிதழை விடுங்கள், முதலில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

தம்பியின் வீடு இது எதுவும் இல்லை. விற்கப் போவதில்லை. கடன் இல்லை. அவனுக்கு அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே நடப்பது உண்மையா என்று தெரிய வேண்டும். அதனால் நாலாவது வழி கட்டாயம் என்றேன், ஐந்து வருகையும் ஒப்பந்தத்தில் தேதியோடு. அதற்கு மேல் ஆசை இருந்தால் ஸ்வக்ருஹா. அதற்கும் கடைக்கால் தோண்டுமுன்னே பதிய வேண்டும், ஆர்க்கிடெக்டிடம் அந்தக் கணக்குத் தாளைக் கொடுத்துவிட்டுத்தான் வரைபடமே போடச் சொல்ல வேண்டும். வீடு முடிந்தபின் புள்ளி தேடுவது, பரீட்சை எழுதியபின் புத்தகம் வாங்குவது போல. அவனுக்கு இரண்டும் சம்மதம். அவன் மனைவிக்குத் தள்ளு ஜன்னல் போனதில் கொஞ்சம் வருத்தம்.

ஒப்பந்தம் எழுதுகிற அன்று காண்ட்ராக்டர் வந்திருந்தார். வயசில் சின்னவர், மரியாதையான ஆள். தவணை விவரத்தில் கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். மொத்தத் தொகையில் 5 சதவீதம், மழைநீர்க் குழி ஒரு மழையைக் குடித்துக் காட்டிய பிறகுதான் என்று எழுதியிருந்தேன்.

"மாசியிலயே முடிச்சுக் கொடுத்துட்டா ஐப்பசி வரைக்கும் காத்துக் கெடக்கணுமா ஐயா? அந்த வருசம் மழையே பெய்யலைன்னா?"

"தண்ணி லாரி ஒண்ணைக் கூப்பிட்டு மாடியில ஊத்திருவோம்" என்றேன். "லாரிக் காசு நான் தர்றேன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் '6,000 லிட்டர், அதுக்கு மேல இல்லை' என்று தன் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.